ரெண்டாவது விசில்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பை வெளியில விடாதீங்க, நாய் தூக்கிட்டுப் போயிடும். யாருன்னு நீங்க சொல்லவே வேணாம். கேட்டைத் திறந்துக்கிட்டு வரும்போதே தெரிஞ்சுபோச்சு. அந்த நெத்தி, அந்தக் காது ரெண்டும் அப்படியே பொண்ணுக்கு வந்திருக்கு. தன்ஷிகாவோட அப்பாதானே? சிங்கப்பூர்ல இருக்கிறதா உங்க வீட்ல சொன்னாங்க. எப்ப வந்தீங்க? உக்காருங்க. அது ஆடுற நாற்காலி, இதுல உக்காருங்க, ஃபேன் காத்து வரும்.

புள்ளை ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்துட்டான்னு கேள்விப்பட்டேன். நல்ல சேதி. அந்த மாரியம்மன்தான் காப்பாத்துனா. நானும் வந்து பாத்திருக்கணும். தெனம் சட்டையை மாட்டுவேன், அப்பறம் கழட்டிடுவேன். தெருவுல எவன் என்ன கேப்பான்னு ஒரு இது. இது வரைக்கும் இங்க வந்த தாய் தகப்பன் எல்லாரும் கத்துனாங்க தம்பி. ஒருத்தன் என் சட்டையவே புடிச்சான். எனக்கு அதெல்லாம் பழக்கம், கத்தட்டும். நீங்க பாட்டுக்குக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்குப் புதுசா இருக்கு.

நீங்க எதுக்கு வந்தீங்கன்னு அப்பறம் சொல்லுங்க. மொதல்ல நான் சொல்லிடறேன். ஊர்ல ஒம்பது வாய் ஒம்பது விதமா உங்க காதுல போட்டிருக்கும். ஒரு தடவை என் வாயாலயும் கேட்டுட்டீங்கன்னா உங்களுக்கே நியாயம் புரிஞ்சிடும். நீங்க நாலு எடம் பாத்தவரு. ஏய், இந்தா! காபி போடு, விருந்தாளி வந்திருக்காங்க! ... கேட்டிருக்கும். என் சம்சாரமும் எங்கிட்ட பேசறதில்லை இப்பல்லாம். எல்லாம் அந்த நாள்லேருந்துதான்.

நான் ஹைஸ்கூல்ல டிரில் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். கலியபெருமாள் வாத்தியார்னா இந்தப் பக்கம் கேட்டுப் பாருங்க. என்கிட்ட கபடி கத்துக்கிட்டவன் போலீஸ்ல இருக்கான், ரயில்வேயில இருக்கான், இன்னிக்கும் ரோட்டுல பாத்தா பைக்கை நிறுத்திட்டு சல்யூட் அடிப்பான். அப்படி இருந்தவனை நம்ம தாளாளர் அமிர்தகடேசன் வீடு தேடி வந்து கூப்பிட்டாரு. "சார், நம்ம பிரைமரி ஸ்கூலுக்கு பி.டி.க்கு ஆள் இல்லை, நீங்க வந்தா ஒரு பேரு"ன்னாரு. எனக்கு மனசே இல்லை. சின்னப் புள்ளைங்களுக்கு என்னாத்தைச் சொல்லிக் குடுக்கிறது? பந்தைக் குடுத்தா பந்து மேல உக்காரும். கயிறைக் குடுத்தா மாடு கட்டி விளையாடும். இருந்தாலும் பெரிய மனுஷன் வீடு தேடி வந்து கேக்கும்போது மாட்டேன்னு சொல்ல முடியலை.

போன மொத நாளு நீங்க பாத்திருக்கணும். நெல்லிக்கா மூட்டையை அவுத்துவிட்ட மாதிரி நாலு பக்கமும் ஓடுது. ஒண்ணு அழுவுது. ஒண்ணு ஒண்ணுக்குப் போவணுங்குது. ஒண்ணு அடுத்தவன் டவுசரை இழுக்குது. அது வரைக்கும் அந்தப் புள்ளைங்களுக்கு பி.டி. பீரியடே கிடையாது தம்பி. டைம்டேபிள்ல இருக்கும், கணக்கு டீச்சர் வந்து "சிலபஸ் முடியலை"ன்னு புடுங்கிப்பாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் எமல்டா டீச்சர், நல்ல அம்மாதான், ஆனா ஒரே இளக்காரம். "வெளையாட விட்டாப் போதும் சார், ஓடியாடட்டும்"னு சொல்லுச்சு. ஓடியாடறதுக்கு வாத்தியார் எதுக்கு? தெருநாய்கூடத்தான் ஓடியாடுது. ஒடம்புப் பயிற்சின்னா என்னா? ஒடம்பு சொன்ன பேச்சு கேக்கணும். அதான் பயிற்சி.

அதுக்குத்தான் நான் சிலை கொண்டாந்தேன். விசில் ஒரு தடவை அடிச்சா சிலை. எங்க இருந்தாலும், எப்படி இருந்தாலும், அப்படியே நின்னுடணும். கால் சேந்திருக்கணும், கை தொடையில ஒட்டியிருக்கணும், கண்ணு நேரா என்னைப் பாக்கணும். மூக்குல ஈ உக்காந்தாலும் சரி, பக்கத்துல நிக்கிறவன் விழுந்தாலும் சரி. ரெண்டாவது விசில் அடிச்சாத்தான் அசையலாம். புள்ளைங்களே அதுக்கு உயிர் விசில்னு பேரு வெச்சிடுச்சுங்க. "சார், உயிர் விசில் எப்ப சார்?"னு கேக்குங்க. நான் வேணும்னே கொஞ்சம் இழுத்தடிப்பேன். ஒரு நாள் சிலையில நிக்க வெச்சுட்டு ஆபீஸ் ரூமுக்குப் போயி டீயே குடிச்சிட்டு வந்தேன். ஒண்ணு அசையலை! நீங்க நம்ப மாட்டீங்க. எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு.

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. ஒரு நாள் தாளாளர் வந்திருந்தப்போ, எமல்டா டீச்சர் கையில ஒரு விசிலைக் குடுத்து, "ஊதுங்க பாப்போம்"னேன். டீச்சர் ஊதுனாங்க. ஊதி ஊதி மூஞ்சி செவந்துபோச்சு. புள்ளைங்க சிலையாவே நிக்குது. அப்பறம் நான் என்னோடதை வாயில வெச்சு ஒரு ஊது. என் ஊது தனி, கடைசியில சின்னதா ஒரு சுழி வரும். அவ்வளவுதான், எல்லாம் அசைஞ்சு சிரிக்குது. தாளாளர் அசந்து போயிட்டாரு. "சார், வர்ற ஸ்போர்ட்ஸ் டேயில இதையே வெச்சிடுங்க, எம்.எல்.ஏ. வர்றாரு"ன்னாரு. எமல்டா டீச்சர் மட்டும் விசிலை என் கையில குடுத்துட்டு உள்ள போயிடுச்சு. பொறாமை தம்பி.

இப்ப உங்க பொண்ணு விஷயத்துக்கு வர்றேன்.

திருப்பூர்லேருந்து வந்து சேந்தப்போ மூணாங்கிளாஸ்ல விட்டாங்க. நல்ல புள்ளை. ஒல்லியா, வெடவெடன்னு. மத்த புள்ளைங்களோட அவ்வளவா ஒட்டாது. டவுன்ல வளந்ததில்லையா, மண்ணைக் கண்டா காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். அதெல்லாம் நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு கெட்ட பழக்கம். சிலையில நிக்கும்போது மேல பாக்கும்.

எல்லாப் புள்ளையும் நேரா என்னைப் பாக்குது, இது மட்டும் அண்ணாந்து பாக்குது. கிரவுண்டு ஓரத்துல பனைமரம் ஒண்ணு நிக்கிதில்ல, சுத்தியும் காஞ்ச ஓலை தொங்கிக்கிட்டு, அதைப் பாக்கும். "ஏய், என்னா மேல? நொங்கு கேக்குதா?"ன்னேன். எல்லாம் சிரிச்சுது, சிலையிலேயே. அதுக்கும் திட்டுனேன். மறுநாளும் மேல பாக்குது. அதுக்கு மறுநாளும். ஒரு தடவை வாயைத் தொறந்து "சார், மேல"ன்னுச்சு. சிலையில பேச்சு கிடையாது! "மூடு வாயை"ன்னேன். அப்பறம் உயிர் விசில் அடிச்சு முடிச்சதும் எங்கிட்ட ஓடியாந்து, "சார், மேல இருந்து உர்ருன்னு ஒரு சத்தம் வருது சார், நான் பின்னாடி போய் நிக்கட்டுமா சார்"ங்குது. எடம் மாத்தறதுக்கு ஒரு சாக்கு. எத்தனை புள்ளைங்களைப் பாத்திருக்கேன். "சத்தம் உன் மண்டைக்குள்ள வருது. போய் வரிசையில நில்லு"ன்னேன்.

நான் அடிக்கலை. அது மட்டும் நீங்க தெளிவா தெரிஞ்சுக்கணும். உங்க பொண்ணு மேல என் விரல்கூடப் பட்டதில்லை. நாடியைப் புடிச்சு நேரா வெப்பேன், அவ்வளவுதான். மேல பாத்தா நாடியைப் புடிச்சு நேரா வெப்பேன். திரும்பப் பாத்தா திரும்ப வெப்பேன். எனக்கும் பொறுமை இருக்கு.

கொஞ்ச நாள் கழிச்சு உங்க வீட்ல வந்தாங்க. பி.டி. இருக்கிற அன்னிக்கெல்லாம் புள்ளைக்கு ஜுரம் வருதாம், ராத்திரி தூக்கத்துல பனைமரம் பனைமரம்னு பெனாத்துதாம். "சார், அந்த மரத்துல முனி இருக்குன்னு எங்க அம்மா சொல்றாங்க, புள்ளை பயந்திருக்கா, வேற எடத்துல நிக்க வைங்க"ன்னாங்க. கையில கறுப்புக் கயிறு வேற கட்டிவிட்டிருக்காங்க, நெத்தி நெறைய திருநீறு. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க! நான் அந்தக் காலத்திலேயே எங்க ஊர்ல முனி இருக்குன்னு சொன்ன மரத்துல ஏறி ஒண்ணுக்கு அடிச்சவன். "ஏம்மா, படிச்ச பொண்ணு நீ, புருஷன் சிங்கப்பூர்ல, இன்னும் பேய் பிசாசுங்கிறே. இந்தப் பயத்தை இப்பவே புடுங்கி எறியலைன்னா புள்ளை வாழ்க்கை பூரா பயந்தாங்கொள்ளியா நிக்கும். எங்கிட்ட விடு, நான் பாத்துக்கறேன்"னேன். அவங்களும் தலையை ஆட்டிட்டுத்தான் போனாங்க தம்பி. இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க. போலீஸ்ல இதை மட்டும் சொல்லலை.

மறுநாளே தன்ஷிகாவைக் கூப்புட்டு நேரா பனைமரத்தடியில நிறுத்துனேன். மொத வரிசையில, தனியா, மரத்துக்கு ஒட்டி. நல்லா கவனிங்க, தண்டனை இல்லை இது. வைத்தியம். "என்னையே பாரு. மேல பாத்தா முனி. என்னைப் பாத்தா ஒண்ணுமில்லை"ன்னேன். மொத நாள் நடுங்குச்சு. டவுசரோட ஒண்ணுக்கு விட்டுச்சு. புள்ளைங்க சிரிக்கப் பாத்துச்சு, நான் ஒரு முறைப்பு முறைச்சேன், கப்சிப். அந்தக் கோலத்துலயும் அது மேல பாக்கலை. என்னையே பாத்துது. நான் கை தட்டுனேன்.

அதுக்கப்பறம் பாருங்க, பொன்னாட்டம் ஆயிடுச்சு. இமைகூட மெதுவாத்தான் அசையும். கண்ணுலேருந்து தண்ணி மட்டும் பொலபொலன்னு ஓடும், ஆனா ஒடம்பு அசையாது. கண்ணு தண்ணி நம்ம கையில இல்லையே, அதை நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். ஒரு நாள் ஏதோ ஒரு பூச்சி, பெருசு, கட்டை விரல் தண்டிக்கு, வயித்துல செவப்புப் பட்டை போட்டு, எங்கேருந்தோ வந்து அது கழுத்துப்பட்டையில உக்காந்துது. கன்னத்துல ஏறுச்சு. கண்ணுக்குக் கீழ வரைக்கும் ஊர்ந்துது. எனக்கே மூச்சு நின்னுபோச்சு. உங்க பொண்ணு? அசையலையே! பூச்சி பாட்டுக்குப் பறந்து மேல போயிடுச்சு. நான் எல்லாப் புள்ளைங்களையும் கூப்புட்டுக் காட்டுனேன். "பாத்தீங்களா? இதுதான்டா சிலை! இவதான்டா புள்ளை!"ன்னேன். அன்னிக்குத்தான் அது மொத தடவையா என்னைப் பாத்து லேசா சிரிச்சுது. எம்மாம் பெருமை எனக்கு! என் பேரப்புள்ளைங்க பெங்களூர்ல இருக்கு, என்னைக் கண்டா போனைத்தான் கேக்கும். இது என்னைப் பாத்து சிரிச்சுது. பொய் சொல்லலை தம்பி, உங்க பொண்ணு மேல எனக்கு அவ்வளவு பிரியம்.

இருமாதீங்க, தண்ணி குடிங்க. இந்தா, தண்ணியாவது கொண்டாயேன்! ... இருங்க, நானே எடுத்துட்டு வர்றேன்.

குடிங்க.

ஸ்போர்ட்ஸ் டே. பந்தல், ஸ்பீக்கர், கலர்ப் பேப்பர் எல்லாம் தாளாளர் தடபுடலா பண்ணிட்டாரு. புள்ளைங்களுக்கெல்லாம் வெள்ளை டிரெஸ், வெள்ளை கேன்வாஸ் ஷூ. தாய்மாருங்க ஒரு பக்கம் நாற்காலியில. உங்க வீட்லயும் வந்திருந்தாங்க, போன்ல உங்களுக்கு வீடியோ எடுத்துக்கிட்டு. எம்.எல்.ஏ. கார் வர்ற நேரம் பாத்து நான் மொத விசில் அடிக்கணும், அவரு மேடை ஏறி, விளக்கேத்தி, மாலை போட்டு உக்கார்ற வரைக்கும் மொத்தப் பள்ளிக்கூடமும் சிலை. அவரு உக்காந்ததும் உயிர் விசில். உடனே புள்ளைங்க ரெண்டு கையையும் தூக்கி வணக்கம் சொல்லணும். இந்த ஜில்லாவுல எவனும் பண்ணதில்லை. நான் வெள்ளைப் பேன்ட் போட்டுக்கிட்டு நடுவுல நிக்கிறேன். கார் வந்துது. விசில் அடிச்சேன். அடேயப்பா! ஒரு மூச்சு சத்தமில்லை. ஜனங்களே வாயைப் பொத்திக்கிட்டாங்க.

பட்டாசு வெடிச்சது நான் இல்லை. இதையும் கேட்டுக்குங்க. தாளாளரோட தம்பி பசங்க. எம்.எல்.ஏ. இறங்குறாருன்னு ஒரு நீளச் சரத்தைக் கொண்டாந்து, ரோட்டுல போட வேண்டியதை, காத்து அடிக்குதுன்னு காம்பவுண்டுக்குள்ள இழுத்து, மரத்தடியில போட்டுக் கொளுத்திட்டானுங்க. பனைமரத்தடியில. சரம் வெடிச்சு முடியறதுக்குள்ள புகை மேல ஏறுது. ஓலைக்குள்ளேருந்து ஒரு சத்தம் வந்துது தம்பி. லாரி இஞ்சின் மாதிரி. நான் என்னமோ ஜெனரேட்டர்னு நெனைச்சேன்.

கதண்டு. கதண்டுன்னா தெரியுமில்ல? நீங்களும் இந்த ஊர் மாப்பிள்ளைதானே. பெரிய விஷக் குளவி, மாட்டையே சாய்ச்சிடும். காஞ்ச ஓலைக்குள்ள பானை தண்டிக்குக் கூடு கட்டியிருக்கு. எப்பலேருந்து கட்டுச்சோ, யாருக்குத் தெரியும்? ஒருத்தன், ஒரே ஒருத்தன் எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? எமல்டா டீச்சர் சொல்லலை. தாளாளர் சொல்லலை. அந்த மரத்தடியில தெனம் நிக்கிற புள்ளைங்க அத்தனை பேரு, ஒண்ணு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலையே எங்கிட்ட! சொல்லியிருந்தா தீயணைப்புக்காரங்களுக்குப் போன் போட்டு அன்னிக்கே கொளுத்தியிருக்க மாட்டேனா? அதைத்தான் விசாரணையில கேக்கப் போறேன்.

கறுப்பா, போர்வையைத் தூக்கி வீசுன மாதிரி இறங்குச்சு. எம்.எல்.ஏ.வோட ஆளுங்க அவரைக் கார்ல தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க. ஜனம் நாலாப் பக்கமும் ஓடுது, நாற்காலி பறக்குது, ஸ்பீக்கர்ல பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு. நானும் ஓடுனேன். மறைக்க மாட்டேன். எதுக்கு ஓடுனேன்? ஒண்ணாங்கிளாஸ் ரூம் கதவைத் திறந்து வைக்க. புள்ளைங்க உள்ள வரணுமில்லையா? திறந்தேன். எனக்குப் பின்னாலயே பெரியவங்க ஒரு கூட்டம் திமுதிமுன்னு உள்ள வந்து, யாரோ "சாத்து, சாத்து"ன்னு கத்தி, கதவு சாத்திடுச்சு. தாழ்ப்பாள்ல என் கை இருந்துதுங்கறாங்க. இருந்திருக்கும். தள்ளுற தள்ளுல கை எங்க போவுதுன்னு யாரு கண்டா?

ஜன்னல்ல பாத்தா, புள்ளைங்க நிக்குது.

நிக்குது தம்பி! கொஞ்சம் சின்னது ஓடிடுச்சு, கொஞ்சத்தை அப்பன் ஆத்தா வாரி எடுத்துக்கிட்டு ஓடிட்டாங்க. மீதி அப்படியே வரிசையில நிக்குது. வெளியில இருந்து எல்லாரும் "ஓடுங்கடா, ஓடுங்கடி"ன்னு தொண்டை கிழியக் கத்துறாங்க. அதுங்க காதுலயே வாங்கலை. தலையைச் சுத்தி மொய்க்குது, கொட்டக் கொட்டத் துடிக்குது, விழுது, விழுந்தது எழுந்து திரும்ப நிக்குது. எல்லாம் ஒண்ணாங்கிளாஸ் ரூமைப் பாத்து. ஜன்னலைப் பாத்து. மொத வரிசையில உங்க பொண்ணு. வெள்ளை டிரெஸ்ஸே தெரியலை, அவ்வளவு மேல உக்காந்திருக்கு. கை தொடையில ஒட்டியிருக்கு. கண்ணு என் மேல.

அந்தக் கண்ணைப் பாத்த எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யாராவது கேட்டாங்களா? நான் மனுஷன் இல்லையா? கையும் ஓடலை, காலும் ஓடலை. ஆனா அந்த நேரத்துலயும் எனக்கு ஒண்ணு தோணுச்சு, தப்பா நெனைச்சுக்காதீங்க. பட்டாளத்துல ஆறு மாசம் பழக்குனாலும் இப்படி ஒருத்தன் நிக்க மாட்டான்.

விசிலா? ஊதுனேன். அதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுத்திருக்கேன். ஊதுனேன். ஜன்னல் கண்ணாடி சாத்தியிருந்துது, உள்ள ஒரே கத்தல், வெளியில ஸ்பீக்கர். கேட்டிருக்காது. ரூம்ல கூட இருந்தவங்க ஊதலைங்கறாங்க. விசில் கழுத்துல தொங்கிட்டு இருந்துதாம், நான் ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டு டெஸ்க்குக்குக் கீழ உக்காந்திருந்தேனாம். கதையைப் பாருங்க. ஜன்னல்ல பாத்தவன் எப்படி டெஸ்க்குக்குக் கீழ இருப்பான்? மொதல்ல பாத்தேன், அப்பறம் உக்காந்தேன். அப்படித்தான் இருக்கும். அந்த நேரம் வெளியில உங்க வீட்ல சேலையை அவுத்து புள்ளையைச் சுத்தி, கட்டையைத் தூக்குற மாதிரி தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. அவங்களுக்கும் நெறைய கொட்டு. நான் பாத்தேன். வீரமான பொம்பளை, சும்மா சொல்லக் கூடாது.

இப்ப சொல்லுங்க, இதுல என் தப்பு என்னா? கூடு கட்டுனது கதண்டு. வெடி வெச்சது தாளாளர் வீட்டுப் பசங்க. பழி மட்டும் எனக்கு. சஸ்பெண்டு. திங்கக்கிழமை விசாரணை. அவங்க கேக்கப் போறது ஒரே கேள்விதான்னு வக்கீல் சொல்லிட்டாரு, ரெண்டாவது விசில் அடிச்சியா இல்லையா? அடிச்சேன்னு நின்னா தப்பிச்சேன். இல்லைன்னா கேஸு, ஜெயிலு, பேப்பர்ல போட்டோ. இத்தனை வருஷம் சம்பாதிச்ச பேரு ஒரே நாள்ல காத்துல போயிடும்.

சரி. நான் பேசிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. சண்டைக்கு வந்த மாதிரி தெரியலை உங்களைப் பாத்தா.

என்னா?

நிக்கிறாளா? எங்க? வீட்லயா?

... படுக்க வெச்சாலும் எழுந்துடறாளா. காலைச் சேத்துக்கிட்டு. கை தொடையில. ஊட்டிவிட்டா முழுங்குது, ஆனா உக்கார மாட்டேங்குது. மயங்கி விழற வரைக்கும் நிக்கிறா, எழுப்புனா திரும்பவும் நிக்கிறாளா. டாக்டர் என்னா சொல்றாரு? வெஷமெல்லாம் இறங்கிடுச்சு, ஒடம்புல ஒண்ணுமில்லைங்கறாரா? அப்பறம் என்னா. இல்லை, இல்லை, நீங்க சொல்லுங்க, கேக்கறேன். காலு வீங்கிப்போச்சா? ம்.

நீங்க கடையில விசில் வாங்கி ஊதிப் பாத்தீங்களா! அதுக்கு அசைய மாட்டா தம்பி. எவன் ஊதுனாலும் அசைய மாட்டா. நான்தான் சொன்னேனே.

பேசறாளா? ஒரே ஒரு தடவையா? என்னான்னு?

"சார் இன்னும் ஊதலைம்மா."

அப்படியா சொன்னா. ... அந்த வார்த்தையே சொன்னாளா? யாருகிட்ட? அம்மாகிட்டயா? பக்கத்துல யாரும் இருந்தாங்களா அப்போ? டாக்டர் காதுல விழுந்துச்சா? எமல்டா டீச்சர் வந்து பாத்துட்டுப் போனாங்களே, அவங்க இருந்தாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க, முக்கியம் இது.

எழுந்திரிங்க தம்பி, என்னா இது, காலையெல்லாம் புடிச்சுக்கிட்டு. எழுந்திரிங்க. நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. வண்டி வெளியில நிக்குதா? ஒரு ஊது, அஞ்சு நிமிஷம். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அது என்னைப் பாத்து சிரிச்ச புள்ளை. இப்பவே பேன்ட்டை மாட்டிக்கிட்டு உங்களோட வந்துடலாம். விசில் இந்தா, ஆணியிலதான் தொங்குது.

ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்க தெரு முழுக்க வேடிக்கை பாக்கும். நான் வந்து ஊதறேன், புள்ளை அசையுதுன்னு வைங்க. அசையும், அதுல சந்தேகமே இல்லை, கேட்ட நிமிஷம் கையைத் தூக்கி வணக்கம் சொல்லும். அப்போ பாக்கறவன் என்னா சொல்லுவான்? அன்னிக்கு இவன் ஊதியிருந்தா புள்ளை அன்னிக்கே அசைஞ்சிருக்குமேன்னு சொல்லுவான். சொல்லுவானா மாட்டானா? ஊதுனேன்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன் தம்பி. கையெழுத்துப் போட்டிருக்கேன். ஊதுன விசிலை எதுக்கு இன்னொரு தடவை வந்து ஊதணும்?

ராத்திரியிலயா? கதவைச் சாத்திக்கிட்டா? வேணாம். சின்னப் புள்ளை, அசைஞ்சதும் வாய் சும்மா இருக்காது. "சார் இப்பதான் ஊதுனாரு"ன்னு போற வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லும். பொய் சொல்லத் தெரியாது அதுக்கு.

ஏய், நீ ஏன் இங்க வந்து நிக்கிறே? உள்ள போ. அழுவுறதுக்கு இதுவா நேரம்? உள்ள போன்னா. விசில்ல கை வைக்காதே!

... ஒண்ணுமில்லை தம்பி, அவ அப்படித்தான். நீங்க கேளுங்க. நான் வர மாட்டேன்னு சொல்லலையே. திங்கக்கிழமை விசாரணை முடியட்டும். முடிஞ்சு வெளியில வந்ததும் நேரா உங்க வீட்டுக்குத்தான் வருவேன், இது சத்தியம். எண்ணி நாலு நாளுகூட இல்லை. கால்ல நல்லெண்ணெய் தடவி விடுங்க, முட்டிக்கு ஒரு துணியைச் சுத்தி விடுங்க, ராத்திரியில சொவத்துல சாய்ச்சு வைங்க. வீணா கவலைப்படாதீங்க. அது வரைக்கும் நிப்பா தம்பி. உங்களைவிட எனக்கு அவளைத் தெரியும், நிப்பா.